பழைய ஸ்டுடியோ என்லார்ஜர் ஒன்று கிடைக்கிறது, எதைப் பார்த்து வாங்குவது?

கும்பகோணத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் ஒரு பழைய ஸ்டுடியோவைக் காலி செய்கிறார்கள். உள்ளே இருட்டறையில் ஒரு என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) பல வருடமாகப் போர்வை போர்த்தியபடி நிற்கிறது. நெற்றியில் டர்ஸ்ட் என்ற எழுத்து தெரிகிறது, மாடல் எண் ஒட்டியிருந்த இடத்தில் பசைக்கறை மட்டும்தான் மிச்சம். டிரே, இடுக்கி, சிவப்பு விளக்கு, இரண்டு பாக்கெட் பழைய பேப்பர் எல்லாம் சேர்த்து ஐயாயிரம் கேட்கிறார்.

என்னிடம் 120 ஃபிலிம் போடும் யாஷிகா ஒன்றும், 35 மில்லி ஃபிலிம் போடும் பென்டாக்ஸ் கே1000 ஒன்றும் இருக்கின்றன. ஃபிலிமை வீட்டிலேயே டி-76 என்ற டெவலப்பரில் கழுவுகிறேன், ஆனால் இதுவரை பேப்பரில் ஒரு பிரிண்ட்கூடப் போட்டதில்லை, எல்லாம் ஸ்கேன்தான். சனிக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். அங்கே நின்று எதை எதைச் சோதிக்க வேண்டும்? லென்ஸ் நன்றாக இருந்தால் போதுமா?

சிவப்பு பல்ப், திருச்சி:
லென்ஸைக் கடைசியாகப் பாருங்கள். பெரும்பாலான என்லார்ஜர் லென்ஸ்களுக்கு 39 மில்லிமீட்டர் மரைதான், இது கெட்டுப்போயிருந்தால் நிக்கானோ ஷ்னைடரோ ரோடன்ஸ்டாக்கோ வேறொன்று எப்போதாவது கையில் சிக்கும். சிக்காதவை வேறு. நெகட்டிவைப் பிடிக்கும் கேரியர், லென்ஸ் மாட்டும் பிளேட், விளக்கொளியைக் குவிக்கும் கண்டென்சர் கண்ணாடிகள், இவை ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி. ஒன்று காணாமல் போனால் அதே மாடல் இன்னொன்று உடைத்து விற்க வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எனவே முதல் கேள்வியே "இதோடு இருந்த சின்னச் சின்ன சாமான் எங்கே?" என்பதாக இருக்கட்டும். மேஜை டிராயர், பரண், பழைய பிஸ்கட் டப்பா எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். என் கருவியின் கேரியரில் வைக்கும் 35 மில்லி மாஸ்க் ஒரு பாஸ்போர்ட் கவர் கட்டுக்குள்தான் கிடைத்தது.

அடுத்தது தூண். விளக்கும் லென்ஸும் இருக்கும் தலையைப் பாதி உயரத்தில் நிறுத்தி, விரலால் மெதுவாகத் தட்டுங்கள். ஆடி உடனே நின்றால் சரி. பூட்டிய பிறகும் தலை மெல்லக் கீழே இறங்கினால் உராய்வுச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். லென்ஸுக்கு மேலே துருத்தி மாதிரி மடிந்திருக்கும் பெல்லோஸுக்குள் டார்ச் அடித்து, அறையை இருட்டாக்கிப் பாருங்கள், ஊசித் துளை இருந்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். அதைக் கறுப்பு டேப்பால் அடைத்துவிடலாம், அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஸ்டுடியோக்காரர், திண்டுக்கல்:
தம்பி, நான் 1979 முதல் 2006 வரை டார்க் ரூமில் நின்றவன். அந்தக் காலத்தில் கல்யாணம் முழுக்க 120 ஃபிலிம், ஒரு ரோலுக்கு 12 படம். அதனால் ஸ்டுடியோ என்லார்ஜர் என்றால் பெரும்பாலும் 6×6 சென்டிமீட்டர் நெகட்டிவுக்கு 75 அல்லது 80 மில்லி லென்ஸோடுதான் இருக்கும். உங்கள் யாஷிகாவுக்கு அது அப்படியே பொருந்தும்.

35 மில்லி நெகட்டிவையும் அதே 75 லென்ஸில் போடலாம், தப்பில்லை, ஆனால் உயரம் இடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மில்லி பக்கத்தை 8 அங்குலமாக்க எட்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். லென்ஸுக்கும் பேப்பருக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய குவியத் தொலைவு பெருக்கல் ஒன்பதரை, அதாவது 75 லென்ஸில் 71 சென்டிமீட்டர். 50 லென்ஸ் என்றால் 47 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். பல தூண்களில் 8×10 வருவதற்குள் தலை உச்சியில் போய் முட்டும். மறுபடி 50 லென்ஸை 6×6க்குப் போட்டால் நான்கு மூலையும் வெளிச்சமில்லாமல் போகும். ஆக இரண்டு லென்ஸ் தேவைதான், ஆனால் முதல் நாளே வேண்டாம். முதலில் யாஷிகா நெகட்டிவில் கை பழகட்டும்.

லென்ஸைப் பார்க்கும்போது துளையை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை கொஞ்சம் இருந்தால்கூட துளையை எஃப் 8க்குச் சுருக்கிப் பிரிண்ட் போடும்போது பெரிதாகத் தெரியாது. உள்ளே முழுவதும் பனி படர்ந்த மாதிரி மங்கல் இருந்தால்தான் கவலை. நெகட்டிவில் நிழல் பகுதி கண்ணாடி மாதிரி இருக்கும், அதன் வழியாக வரும் ஒளி சிதறி வெள்ளையின் மேல் போய் விழும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சாம்பலாக வரும். எங்கள் முதலாளி லென்ஸைச் சோதிக்க வேறு எதையும் பார்க்க மாட்டார், வேட்டி மடிப்பு தெரிகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்.

அப்புறம், கழற்றும்போது கவனம். பல கருவிகளில் தலையின் எடையைத் தாங்க உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். தலை கீழே இருக்கும்போதுதான் அது முழு இழுப்பில் இருக்கும். தலையை உச்சிக்கு ஏற்றிப் பூட்டிய பிறகுதான் திருகைத் தொட வேண்டும். என்னோடு வேலை பார்த்த பையனுக்கு இதில் கட்டைவிரல் நகம் போனது. கண்டென்சர் கண்ணாடிகளை வெளியே எடுத்துத் தனித்தனியாகத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

ரிச்சி தெரு, சென்னை:
மின்சார விஷயத்தை யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். அங்கே போய் ஆர்வத்தில் பிளக்கைச் செருகி விடாதீர்கள். இருபது முப்பது வருட ஒயரின் ரப்பர் உறை வளைத்தால் உதிரும். உடம்பு முழுக்க உலோகம், அறையில் ஈரக் கை, பக்கத்தில் டிரே நிறைய ரசாயனத் தண்ணீர். வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று கம்பி ஒயர் புதிதாகப் போட்டு, எர்த்தை உடம்பில் திருகி இணைத்த பிறகுதான் சப்ளை. மிகப் பழைய விளக்கு அறைகளில் வெள்ளையாக, நார் நாராக உறை சுற்றியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சுரண்டாதீர்கள்.

பல்ப் ஹோல்டர் பின் மாட்டுவதா, திருகுவதா என்று பார்த்து வையுங்கள். அசல் பல்ப் பால் நிறக் கண்ணாடி, 75 அல்லது 150 வாட். அது இப்போது கடைகளில் அரிது. 9 வாட் எல்இடி போட்டு நான் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். சூடு இல்லை என்பது பெரிய லாபம், பழைய பல்பின் சூட்டில் நெகட்டிவ் நடுவில் உப்பி ஃபோகஸ் நழுவும், அது அடியோடு நின்றுவிட்டது.

சிவப்பு பல்ப், திருச்சி:
எல்இடிக்கு நான் முழுச் சம்மதம் தர மாட்டேன். ஃபில்டரால் கான்ட்ராஸ்ட் மாற்றும் பேப்பர் நீலத்துக்கும் பச்சைக்கும் வேறு வேறாக நடந்துகொள்ளும். மஞ்சள் ஃபில்டர் நீலத்தை வெட்டினால் படம் மென்மையாகும், மெஜந்தா பச்சையை வெட்டினால் கடுமையாகும். வெள்ளை எல்இடியில் நீலம் ஒரு கூர்மையான குவியலாக வருகிறது, மற்றது பரவலாக வருகிறது. அதனால் இல்ஃபோர்ட் கம்பெனி ஃபில்டரில் 2 (நடுத்தரக் கான்ட்ராஸ்ட்) என்று எழுதியிருப்பது உங்களுக்கு 2 ஆக இருக்காது. மஞ்சளான பல்ப் போட்டால் ஒருவிதம், பளீர் வெள்ளை போட்டால் வேறுவிதம்.

ரிச்சி தெரு, சென்னை:
உண்மை. ஆனால் அதே பல்பிலேயே நிலையாக நின்றால் ஒரு வாரத்தில் கை பிடிபட்டுவிடும். பல்பை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. ஒரு சோதனை மட்டும் கட்டாயம். நெகட்டிவ் இல்லாமல், பேப்பர் நடுத்தரச் சாம்பல் வரும் அளவுக்கு ஒளி கொடுத்துக் கழுவிப் பாருங்கள். நடுவில் வெளுப்பும் கறுப்பும் இல்லாமல் ஒரே சாம்பலாக வர வேண்டும். நடு கறுத்து ஓரம் வெளுத்தால் பல்பின் உயரத்தை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள்.

ஸ்கார்பரோ:
ஒரு சின்னக் குறிப்பு, நான் கனடாவில் இருக்கிறேன், பெசலர் 23சி என்லார்ஜர் வைத்திருக்கிறேன். இங்கேயிருந்து யாராவது ஊருக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் யோசியுங்கள். இங்கே 120 வோல்ட். பல்ப், டைமர் இரண்டும் அதற்கே செய்தவை. அங்கே டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் போட்டால் முதல் விநாடியே பல்ப் போய்விடும். அதோடு எடை. ஊரிலேயே கிடைப்பதை வாங்குவதுதான் நல்லது.

கும்பகோணத்தான்:
போய் வந்தேன். சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன், நன்றி.

தூண் உறுதி. தட்டினால் அசைவே இல்லை. பெல்லோஸில் இரண்டு துளை. கண்டென்சர் இரண்டும் இருக்கின்றன, ஒன்றின் ஓரத்தில் சின்ன உடைசல், ஒளிப் பாதைக்கு வெளியே. லென்ஸ் 75 மில்லி, உள்ளே லேசான மங்கல். கேரியர் 6×6 மட்டும்தான், பரண் வரை ஏறிப் பார்த்தும் 35 மில்லி மாஸ்க் கிடைக்கவில்லை. ஒயர் கையில் எடுத்ததுமே உதிர்ந்தது. இவற்றைக் காட்டிப் பேசினேன், மூவாயிரத்து ஐந்நூறுக்கு ஒப்புக்கொண்டார். அவரே ஸ்பிரிங் விஷயத்தைச் சொல்லி, தலையை மேலேற்றிக் கழற்றியும் கொடுத்தார். தூணைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் நின்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நல்ல பிரிண்டை அவருக்குத்தான் கொடுக்கப் போகிறேன்.

35 மில்லி கேரியரை நானே செய்ய முடியுமா?

சிவப்பு பல்ப், திருச்சி:
முடியும். ஸ்டிக்கர் கடையில் லேசர் கட்டிங் செய்வார்கள், 3 மில்லி கறுப்பு அக்ரிலிக்கில் இரண்டு தகடு, நடுவில் 24×36 ஜன்னல். ஓரங்களை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பிசிறு இல்லாமல் செய்யுங்கள், இல்லாவிட்டால் நெகட்டிவில் நீளக் கோடு விழும். பளபளப்பான அக்ரிலிக் ஒளியைத் திருப்பி அடிக்கும், ஜன்னல் ஓரத்துக்கு மட்டும் மங்கலான கறுப்பு அடியுங்கள். அவசரத்துக்குப் பைண்டிங் அட்டையே போதும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நெகட்டிவை வைக்கும் யோசனை வந்தால் தள்ளிப்போடுங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடி ஒட்டுகிற இடத்தில் எண்ணெய்ப் படலம் மாதிரி வளையங்கள் விழும்.

கும்பகோணத்தான்:
மூன்று வாரம் ஆயிற்று. ஒயர் மாற்றி, எர்த் கொடுத்து, 9 வாட் எல்இடி போட்டு, குளியலறையில் பலகை போட்டு நிறுத்திவிட்டேன். முதல் பிரிண்டுகள் வந்தன, ஆனால் இரண்டு பிரச்சினை. ஒன்று, வலது கீழ் மூலை எப்போதும் மங்கல், ஃபோகஸை எவ்வளவு திருப்பினாலும் மற்ற மூலை போய்விடுகிறது. இரண்டாவது, எல்லாப் படத்திலும் வெள்ளை வெள்ளையாக இல்லை, மேலே ஒரு சாம்பல் திரை. பழைய பேப்பர், புதிய இல்ஃபோர்ட் மல்டிகிரேட் (ஃபில்டரால் கான்ட்ராஸ்ட் மாற்றும் பேப்பர்) இரண்டிலுமே அப்படித்தான். லென்ஸ் மங்கல்தான் காரணமா?

ஸ்டுடியோக்காரர், திண்டுக்கல்:
மூலை மங்கலுக்கு லென்ஸைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. கழற்றி மாட்டிய கருவி, மட்டம் தப்பியிருக்கும். நெகட்டிவ் நிற்கும் தட்டு, லென்ஸ் பிளேட், கீழே பலகை, மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். சின்ன ரசமட்டம் ஒன்று வாங்குங்கள், கொத்தனார் வைத்திருப்பதில் மிகச் சின்ன அளவு. முதலில் பலகையில் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். பலகை மட்டமாக இல்லாவிட்டால் கால்களுக்கு அடியில் அட்டை கொடுத்துச் சரிசெய்யுங்கள். பிறகு கேரியர் தட்டில், பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டுப் பிளேட்டில். திருகு இருந்தால் திருகால், இல்லாவிட்டால் மெல்லிய பித்தளைத் தகடோ காகித மடிப்போ கொடுத்துச் சரிசெய்யலாம். நாங்கள் சிகரெட் அட்டையை வெட்டி வைத்திருந்தோம், அது பத்து வருடம் அப்படியே நின்றது.

சரிசெய்தபின் சோதிக்க ஒரு வழி. முழுக்க வெளிச்சம் பட்டுக் கறுத்த ஃபிலிம் துண்டில் ஊசியால் கட்டம் கட்டமாகக் கீறுங்கள். அதைக் கேரியரில் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து, நடுவில் ஃபோகஸ் செய்யுங்கள். நான்கு மூலைக் கோடும் ஒரே அளவு கூர்மையாக இருந்தால் வேலை முடிந்தது. பிறகு பிரிண்ட் போடும்போது இரண்டு படி குறைத்து எஃப் 8க்கு வாருங்கள்.

இரண்டாவதைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், எனக்கு விளக்கு மேல்தான் சந்தேகம்.

சிவப்பு பல்ப், திருச்சி:
ஐயா சொன்னதுதான். ஸ்டுடியோவிலிருந்து வந்த அந்தச் சிவப்பு விளக்கு என்ன? ஜீரோ வாட் பல்பில் சிவப்புச் சாயம் அடித்ததா? சாயம் உரிந்த இடத்தில் வெள்ளை ஒளி கசியும். அந்தக் காலப் பேப்பர் பெரும்பாலும் நீலத்துக்கு மட்டும் மயங்கும், ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மல்டிகிரேட் பச்சைக்கும் மயங்கும், பொறுக்காது.

இப்படிச் சோதியுங்கள். புதிய பேப்பர் துண்டுக்கு என்லார்ஜரில் மிகக் குறைந்த ஒளி கொடுங்கள், கழுவினால் இளஞ்சாம்பல் வரும் அளவுக்கு. கழுவாமல் சிவப்பு விளக்கின் கீழே வைத்து மேலே நாணயங்களை அடுக்குங்கள். 2 நிமிடத்தில் ஒன்றை எடுங்கள், 4இல் இன்னொன்று, 7இல் இன்னொன்று. பிறகு கழுவுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு கெடுக்கிறது. ஒளி படாத வெற்றுப் பேப்பரில் இந்தச் சோதனையைச் செய்து "ஒன்றுமில்லை" என்று ஏமாந்தவர்கள் நிறைய, முன்பே கொஞ்சம் ஒளி பட்ட பேப்பர்தான் உண்மையைச் சொல்லும்.

பழைய பேப்பர் தனிக் கேஸ். அதில் ஒரு துண்டை முழு இருட்டில், ஒளியே காட்டாமல் கழுவுங்கள். சாம்பலாக வந்தால் வயதாகி மூடிப்போய்விட்டது. எந்தப் பேப்பர் அது?

கும்பகோணத்தான்:
ஊட்டியில் செய்த 'இந்து' (INDU) பிராண்டு பேப்பர். ஒன்றில் நார்மல், இன்னொன்றில் ஹார்ட் என்று இருக்கிறது.

ஸ்டுடியோக்காரர், திண்டுக்கல்:
இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். அந்தப் பாக்கெட்டைப் பார்த்தே எத்தனை வருடம் ஆகிவிட்டது. மஞ்சள் வெளிச்சத்தில் அந்த உறையைக் கிழிக்கிற சத்தம்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எல்லாம் அதில்தான் போனது. அந்தக் கம்பெனி 1960இல் தொடங்கியது, இப்போது இல்லை. பேப்பர் மூடிப்போயிருந்தாலும் தூக்கி எறியாதீர்கள், டெவலப்பரில் பொட்டாசியம் புரோமைடு கொஞ்சம் கூட்டினால் ஓரளவு வெளுக்கும். இல்லாவிட்டால் இலை, சாவி வைத்து நிழற்படம் எடுங்கள்.

டெவலப்பர் எது பயன்படுத்துகிறீர்கள்? என்ன சூடு?

கும்பகோணத்தான்:
நாணய வட்டம் இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது ஐயா! விளக்கை மாற்றிவிட்டேன், நான்கடி தள்ளி, சுவரைப் பார்த்து வைத்திருக்கிறேன். சாம்பல் திரை பாதிக்கு மேல் போய்விட்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் லென்ஸ் பிளேட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, இப்போது மூலைகள் சரி.

டெவலப்பர் பாக்கெட் தீர்ந்துவிட்டது. தண்ணீர் 31 டிகிரி. படம் 20 விநாடியிலேயே ஓடி வந்துவிடுகிறது, கறுப்பாகிவிடுமோ என்று பயந்து எடுத்துவிடுகிறேன், திட்டுத் திட்டாக இருக்கிறது.

ஸ்டுடியோக்காரர், திண்டுக்கல்:
பயந்து எடுப்பதுதான் தப்பு. டிரேயில் முழு நேரம் கிடக்க வேண்டும். கறுத்துப் போனால் என்லார்ஜர் நேரத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, டெவலப்பரிலிருந்து பாதியில் தூக்கக் கூடாது. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பருக்கு ஒரு நிமிடம், நார்ப் பேப்பருக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம்.

டி-72 என்ற பேப்பர் டெவலப்பரை நீங்களே கலக்கலாம். 50 டிகிரி சூட்டில் அரை லிட்டர் தண்ணீர், மெட்டால் 3 கிராம், சோடியம் சல்ஃபைட் 45, ஹைட்ரோகுயினோன் 12, சோடியம் கார்பனேட் மோனோஹைட்ரேட் 80, பொட்டாசியம் புரோமைடு 2, பிறகு ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர். இந்த வரிசையிலேயே, ஒன்று முழுக்கக் கரைந்த பிறகு அடுத்தது. மெட்டாலை முதலில் போடக் காரணம், சல்ஃபைட் நிறைய இருந்தால் அது கரையாது. பயன்படுத்தும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். உங்கள் சூட்டுக்கு மூன்று பங்கு ஊற்றுங்கள், வேகம் குறையும். பெரிய டிரேயில் தண்ணீர் ஊற்றி, பனிக்கட்டி வைத்த பாட்டிலை அதில் போட்டு, அதற்குள் டெவலப்பர் டிரேயை வையுங்கள். 20க்கு வரவேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், 24இல் நிலையாக நின்றாலே நல்ல படம் வரும். பனிக்கட்டியை டெவலப்பருக்குள் போடாதீர்கள்.

இடுக்கியால்தான் எடுங்கள். மெட்டால் எனக்கு விரலிடுக்கில் அரிப்பைக் கொடுத்தது, கடையை விட்ட பிறகுதான் ஆறியது.

கும்பகோணத்தான்:
நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது. என் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிற 6×6 நெகட்டிவ், 8×8 அங்குலம், எஃப் 8, 12 விநாடி, ஃபில்டர் இல்லாமல். வேட்டி வெள்ளை. முழங்காலுக்கு மேலே இரண்டு மடிப்பு தெரிகிறது. டிரேயில் மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்து அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன்.

லென்ஸ் மங்கல் இன்னும் கொஞ்சம் தெரிகிறது, வேறு 75 கிடைக்கும்வரை இதுவே போதும். இதையே 12×12க்கு நார்ப் பேப்பரில் போட்டு ஸ்டுடியோ உரிமையாளருக்கும் ஒன்று கொடுக்க ஆசை. நேரம் எவ்வளவு வைப்பது, மறுபடி ஆரம்பத்திலிருந்து துண்டுத் துண்டாகச் சோதிக்க வேண்டுமா?

ஸ்டுடியோக்காரர், திண்டுக்கல்:
நல்லது தம்பி, மிகவும் சந்தோஷம். கணக்கு இருக்கிறது. 56 மில்லி நெகட்டிவ் 8 அங்குலத்துக்கு 3.6 மடங்கு, 12க்கு 5.4 மடங்கு. இரண்டிலும் ஒன்றைக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்குங்கள். 6.4ஐ 4.6ஆல் வகுத்தால் 1.39, அதன் வர்க்கம் 1.9 சொச்சம். 12 விநாடி ஏறக்குறைய 23 ஆகும். பேப்பர் வகை மாறுவதால் ஒரு சின்னத் துண்டாவது வைத்துப் பார்த்துவிடுங்கள், வேட்டி விழும் இடத்தில்.

நார்ப் பேப்பர் காய்ந்ததும் கொஞ்சம் கறுக்கும், ஈரத்தில் சரியாகத் தெரிகிற வெள்ளை காலையில் மங்கலாக இருக்கும். அதனால் துண்டு 23இல் சரியென்று காட்டினால் 21 கொடுங்கள். படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போவிலிருந்து எடுத்தபின் ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம். கண்ணாடித் தகட்டில் ஒட்டாமல் வலையில் கவிழ்த்துக் காயவையுங்கள்.